அட் த கான்ஃபரன்ஸுக்குப் போன சீர்

எனக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது. நான்கு பிள்ளைகளை வளர்த்தேன். ஆண் இரண்டு, பெண் இரண்டு. மூன்றாம் வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூடம் போனேன், அதற்கு மேல் போகவில்லை. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத்துக் கூட்டி எழுதுவேன். ஒரு பக்கம் எழுதுவதற்குள் வெயில் வாசலில் இருந்து முற்றத்துக்கு வந்துவிடும். வரட்டும். எனக்கு இப்போது என்ன அவசரம்? சமையலை மருமகள் பார்த்துக்கொள்கிறாள்.

நான்கு பிள்ளைகளில் கடைசிப் பெண்ணைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மற்ற மூன்று பேரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெரியவன் பத்துத் தையல் மிஷின் போட்டு பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிறான். அடுத்தவன் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். பெரிய மகள் தாராபுரத்தில் வாழ்க்கைப்பட்டு நன்றாக இருக்கிறாள். சின்னவள் படித்தாள். படித்துக்கொண்டே போனாள். நிற்பாள் நிற்பாள் என்று பார்த்தோம், நிற்கவில்லை. டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது ஒரு காலேஜில் பாடம் நடத்துகிறாள், ஆராய்ச்சியும் செய்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேண்டாம் என்று ஒரு நாளும் அவள் சொன்னதில்லை. அதற்கு நேரம் ஒழியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டுக்கு இங்கிலீஷ் புதிது இல்லை. நான் இருபது வயதில் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். தைத்து வந்த பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பீஸ், டேமேஜ், சைஸ், லேபிள், ஷிப்மெண்ட், பையர், இதெல்லாம் அன்றைக்கே என் வாயில் இருந்த வார்த்தைகள். இந்தத் திருப்பூரில் கையெழுத்துப் போடத் தெரியாதவளும் பாதி இங்கிலீஷில்தான் வேலை பார்க்கிறாள். ஆனால் என் சின்னவள் கொண்டு வந்தது வேறு இங்கிலீஷ்.

அவள் வெளியூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், நான் போன் செய்தால் எடுக்க மாட்டாள். கொஞ்ச நேரத்தில் பெரியவன் போனுக்கு எழுத்து வரும். அவன் வாசித்துச் சொல்வான். 'இன் எ செமினார்' என்று ஒரு நாள். 'அட் எ ஒர்க்‌ஷாப்' என்று ஒரு நாள்.

"ஒர்க்‌ஷாப்பா? ஏம்மா, இவகிட்ட ஸ்கூட்டர் கூட இல்லையே, எதைய ரிப்பேருக்கு உட்ருக்கறா?" என்று பெரியவன் சிரித்தான்.

எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் கவனித்தேன். இன் எ செமினார் என்று வந்தால் அன்று சாயங்காலமே கூப்பிட்டுவிடுவாள். அட் எ ஒர்க்‌ஷாப் என்றால் நாலைந்து நாள் ஆகும். சாப்பாடு நன்றாக இல்லை என்று சொல்லுவாள். அட் த கான்ஃபரன்ஸ் என்றால் பெரியது. ரயில் ஏறிப் போவாள், சில சமயம் விமானம் ஏறிப் போவாள், திரும்பி வரும்போது ஒரு துணிப்பை கொண்டு வருவாள். பையின் மேல் இங்கிலீஷில் கொட்டையாக எழுதியிருக்கும். எந்தப் பையாவது கிழிந்தால்கூட நான் எறிய விடுவதில்லை. எங்கள் வீட்டில் காய்கறி வாங்குவது அந்தப் பையில்தான். பெரியவன் நூல்கோன் எடுத்துப் போவது அந்தப் பையில்தான். எதிர்வீட்டில் வாடகைக்கு இருக்கிற ஒடிசாப் பையன்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறேன். எங்கள் வீதியில் காலை நேரத்தில் நின்று பார்த்தால், பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் தக்காளி வாங்கப் போவது மாதிரி இருக்கும்.

அப்படித்தான் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் நிலைத்தது. சின்னவள் எங்கே என்று யாராவது கேட்டால், அவள் எழுதியதை அப்படியே சொல்லிவிடுவோம். தமிழில் சொல்லக் கூடாதா என்று ஒரு முறை பெரிய மகள் கேட்டாள். சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. கூட்டத்துக்குப் போயிருக்கிறாள் என்றால், எங்கள் பக்கத்தில் கூட்டம் என்பது குலத்தைக் குறிக்கும். எந்தக் கூட்டம், குலதெய்வக் கோயில் விசேஷமா என்பார்கள். மாநாடு என்று சொன்னேன், எந்தக் கட்சியில் சேர்ந்தாள் என்று கேட்டார்கள். அட் த கான்ஃபரன்ஸ் என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு நிமிஷம் வாய் மூடும். அந்த ஒரு நிமிஷம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஏன் பிடிக்கும் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளைக்கு மரியாதை வருவது சீரில்தான். வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர் கொண்டு வருவான். கல்யாணத்துக்கு வருவான், வளைகாப்புக்கு வருவான். தேங்காய், பழம், பூ, சேலை, இனிப்பு என்று தட்டுத் தட்டாக வைத்து, பெண்கள் வரிசையாக ஏந்தி நடந்து வருவார்கள். வீதியே வெளியே வந்து நின்று பார்க்கும். என் பெரிய மகளுக்கு எல்லாச் சீரும் வந்தது. மகன்கள் கல்யாணத்துக்கும் என் தம்பி குறைவில்லாமல் செய்தான். சின்னவளுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவள் வயதுக்கு வந்தபோது அவளுடைய அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். "அக்கா, இப்ப வேண்டாம். கல்யாணத்துக்குச் சேத்தி ஜோராச் செஞ்சர்றேன்" என்று தம்பி சொன்னான். அந்தக் கல்யாணம் வரவே இல்லை.

ஊரில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் இந்தக் குறை என் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். மண்டபத்தில் சீர்த்தட்டு வரும்போது பக்கத்தில் இருப்பவள் மெதுவாகக் கேட்பாள், "உங்க சின்னவ வர்லீங்களா?" நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வேன், "அட் த கான்ஃபரன்ஸுங்க."

போன வருஷம் அவிநாசிபாளையத்தில் ஒரு காதுகுத்து. அங்கே வைத்துத்தான் என் தம்பி மனைவி அதைச் சொன்னாள். நாத்தனார் முறையில் அவள் என்னை நங்கை என்று கூப்பிடுவாள். நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"ஏனுங்க நங்கை, நானும் ரொம்ப வருஷமாக் கேக்கோணும்னு இருக்கறேன். எப்பப் பாத்தாலும் அட் த கான்ஃபரன்ஸ், அட் த கான்ஃபரன்ஸ்ங்கறீங்க. அது எங்கீங்க இருக்குது? நம்ம சனத்துல ஒருத்தராவது கண்ணுல பாத்துருக்கறமா?"

"கண்ணுல பாக்காட்டி இல்லைன்னு ஆயிருமா?" என்றேன்.

"அதுக்கில்லீங்க. புள்ளைக்கு ஒரு நல்லது நடக்கலைங்கறதை மூடி மறைக்கறதுக்கு இப்புடி ஒரு பேரு வெச்சுக்கிட்டீங்களோன்னு எங்கக்கா கேக்கறா. நானாக் கேக்கலீங்க."

அவளுடைய அக்கா அன்றைக்குப் பந்தியிலேயே இல்லை. நான் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அவள் சொன்னதில் பாதி சரியாகவே இருந்ததுதான் காரணம். நானும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. என் பிள்ளை பத்துப் பதினைந்து வருஷமாகப் போய் வருகிற இடம், எனக்குப் பையாகத்தான் தெரியும்.

அடுத்த தடவை சின்னவள் வந்தபோது, "அந்த எடத்துக்கு வெளியாளு வரலாமா கண்ணு?" என்று கேட்டேன்.

"எந்த எடத்துக்கும்மா?"

"அட் த கான்ஃபரன்ஸுக்கு."

அவள் சிரிக்கவில்லை. "கோயம்புத்தூர்ல ஒண்ணு வருதும்மா. முதல் நாள் காலைல முக்கியமான பேச்சு என்னோடதுதான். நீ வந்து உக்காரு. ஆனா எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கும், ஒண்ணும் புரியாது."

"புரிய வேண்டாம். பாத்தாப் போதும்."

அவள் போன மறுநாளே தம்பிக்குப் போன் போட்டேன்.

"உன்ற அக்கா மகளுக்கு நீ செய்ய வேண்டிய சீரு ஒண்ணு இருக்குது, ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுங்க்கா. மாப்பிள்ளை பாத்துட்டீங்களா? சொல்லவே இல்லையே!"

"மாப்பிள்ளை ஒண்ணும் இல்லை. அவ மேடையேறிப் பேசறா. அதுக்குச் சீரு கொண்டாந்து எறக்கு."

தம்பியின் மஞ்சள் காட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டான், "அதுக்கெல்லாம் சீரு வெக்கற வழக்கம் உண்டுங்களாக்கா?"

"இல்லாட்டி இப்ப உண்டு பண்ணு" என்றேன்.

தம்பி மனைவி சும்மா இருப்பாளா. "நானும் வாறனுங்க. அந்த எடத்தை ஒருக்காப் பாத்துப் போடறேன்" என்று கிளம்பிவிட்டாள். பெரிய மகள் வந்தாள், மருமகள்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பெரியவன் துணி ஏற்றும் டெம்போவைக் கழுவி, வாழைத்தாரும் பழக்கூடையும் தேங்காயும் அதில் ஏற்றினான். நாங்கள் ஒரு வேனில் போனோம். சேலை நானும் தம்பி மனைவியும் போய் எடுத்தது. அரக்கு நிறம், மாம்பழ நிறக் கரை. சீருக்கு இவ்வளவு எளிய சேலையா என்று அவள் கேட்டாள். சின்னவள் கனமான பட்டுக் கட்ட மாட்டாள், எனக்குத் தெரியும். சீர் கொண்டு போகிற விஷயத்தைச் சின்னவளிடம் சொல்லவில்லை. சீர் என்றால் பெண் வீட்டுக்குத் தெரிந்துதான் வரும், ஆனால் இந்தப் பெண்ணிடம் சொன்னால் வேண்டாம் என்பாள்.

காலேஜ் வாசலில் வாட்ச்மேன் வேனை நிறுத்தினான். தெற்கத்திக்காரன், திருநெல்வேலிப் பக்கம் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தான். தாம்பாளமும் பூவும் நாங்கள் கட்டியிருந்த பட்டுச் சேலைகளும் தெரிந்தன.

"ஏ ஆத்தா, கல்யாண மண்டபம் இது இல்லலா. அடுத்த கேட்டுக்குப் போணும்."

"தெரியுமுங்க. நாங்க கல்யாணத்துக்கு வர்ல. அட் த கான்ஃபரன்ஸுக்கு வந்துருக்கறமுங்க."

அவன் டெம்போவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "வாழத்தாரோடயா?" என்று கேட்டான். அப்புறம் கேட்டைத் திறந்துவிட்டான்.

நான் என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். கோர்ட்டு மாதிரி இருக்கும், ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருக்கும் என்று. உள்ளே போய்ப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் கோலம். ஒரே மாதிரி சேலை கட்டிய பெண் பிள்ளைகள் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் கற்கண்டும் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். மேஜை போட்டு வருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்கிறார்கள், மொய் எழுதுகிற மாதிரி. மேடையில் குத்துவிளக்கு. ஓரத்தில் பொன்னாடையெல்லாம் மடித்து அடுக்கியிருந்தது. தம்பி மனைவி என் காதோரம் வந்து, "ஏனுங்க நங்கை, நம்ம விசேஷமேதானுங்க" என்றாள். அவள் குரலில் இருந்தது ஏமாற்றமா சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை.

மேஜையில் இருந்த பிள்ளை எங்கள் எல்லோருக்கும் கழுத்தில் மாட்டுகிற அட்டை கொடுத்தாள். தம்பி அதை வெள்ளைச் சட்டைக்கு மேலே இழுத்துவிட்டு, துண்டு மறைக்காமல் சரிசெய்துகொண்டான்.

தட்டுகளை ஏந்தி வரிசையாக உள்ளே போகலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதற்குள் அந்தச் சேலைப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "குடுங்க பாட்டி, குடுங்க அக்கா, நாங்க மேடையில வெச்சிடுறோம், நீங்க போய் உக்காருங்க" என்று சிரித்த முகமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று நான் சந்தோஷப்பட்டேன். சின்னவள் மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கையில் இருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கவனிக்கவில்லை. நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

விளக்கு ஏற்றினார்கள். இங்கிலீஷில் வரவேற்றுப் பேசினார்கள். நடு நாற்காலியில் ஒரு பெரியவர், தலை முழுக்க நரைத்தவர், எங்கோ தூரத்தில் இருந்து வந்த பெரிய விஞ்ஞானி. மைக்கில் பேசிய பெண் அவருடைய பெருமைகளைச் சொன்னாள், எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவர் பொன்னாடை போட்டார். அதற்கடுத்து ஒரு பிள்ளை தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். முதலில் எனக்குப் புரியவில்லை. தேங்காய், வெற்றிலை, பூ, அவற்றின் மேல் அரக்கு நிறச் சேலை. அந்தப் பெரியவர் எழுந்து, இரண்டு கையாலும் அந்தத் தட்டை வாங்கினார். போட்டோ எடுப்பவர் பக்கத்தில் வந்தார். பெரியவர் சேலையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு பிள்ளை பழத்தட்டை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

"அடக் கருமமே" என்றாள் தம்பி மனைவி.

இவ்வளவு வருஷம் காத்திருந்து வந்த சீர், என் கண் முன்னாலேயே யாரோ ஒரு ஆம்பளைக்குப் போகிறது. சத்தம் போட்டால் என் பிள்ளையின் மானம் போகும். சத்தம் போடாவிட்டால் சீர் போகும். நான் எதையும் முடிவு செய்யுமுன் தம்பி எழுந்துவிட்டான். காட்டில் ஆளைக் கூப்பிடுகிற குரல் அவனுக்கு. அதே குரலில் கூப்பிட்டான்.

"ஏனுங்க! ஏனுங்க பெரியவரே! அது உங்களுக்கில்லீங்க! எங்க அக்கா மகளுக்கு வந்த சீருங்க அது!"

அவ்வளவு பேர் இருந்த மண்டபம் அப்படியே நின்றுபோனது. முன் வரிசையில் கோட்டுப் போட்ட ஒருத்தர் திரும்பிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். கதவோரம் நின்ற ஆள் எங்களை நோக்கி நடந்து வர ஆரம்பித்தார். மேடையில் என் சின்னவள் தலை நிமிர்ந்து பார்த்தாள். மாமனைப் பார்த்தாள், பக்கத்தில் அத்தையை, அக்காவை, அண்ணிகளை, கடைசியாக என்னைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியாதா, வெட்கப்படும்போது காது மடல்தான் முதலில் சிவக்கும். கெட்டது குடி என்று நினைத்தேன். அவளுக்கு மரியாதை செய்ய வந்து, அவள் பதினைந்து வருஷமாகச் சேர்த்த மரியாதையைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் எழுந்தாள். மைக் இருந்த இடத்துக்கு வந்தாள். அந்தப் பெரியவரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பிறகு மண்டபத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"மன்னிக்கோணும். அது எனக்கு வந்த சீருங்க. எங்க மாமா கொண்டு வந்தது. எங்க ஊர்ல மாமன் சீரு கொண்டு வந்தா, அது கை மாறக் கூடாதுங்க."

எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள். காலேஜில் பேசுகிற தமிழ் இல்லை.

அந்தப் பெரியவர் தட்டைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். "நானும் யோசிச்சேன்மா. எத்தனையோ கான்ஃபரன்ஸுக்குப் போயிருக்கேன், எனக்கு யாரும் சேலை எடுத்துக் குடுத்ததில்லையேன்னு" என்று அவரும் தமிழிலேயே சொன்னார். மண்டபமே சிரித்தது. முகத்தைச் சுளித்த கோட்டுக்காரரும் சிரித்தார். கதவோரம் இருந்து வந்த ஆள் பாதி வழியில் நின்றார்.

சிரித்து முடித்ததும் அதோடு விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் பேச ஆரம்பிப்பாள் என்று. அவள் வைக்கவில்லை. "மாமா, மேல வாங்க" என்றாள். "அத்தை, நீங்களும் வாங்க. பொட்டு வெக்க நீங்க இல்லாம எப்படி?"

தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ நங்கை, நானா? இத்தனை பேருக்கு முன்னாலயா?"

"நீதான். கண்ணுல பாக்கோணும்னுதான வந்தே? நல்லாக் கிட்டப் போய்ப் பாரு" என்றேன்.

தம்பி மேடைப் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். அதைப் பார்த்து, மேடையில் இருந்த அந்தப் பெரியவரும் எழுந்து நின்றார். அவர் நின்றதும் மற்றவர்களும் நின்றார்கள். தம்பி தட்டை எடுத்து நீட்டினான். சின்னவள் முந்தானையை விரித்து, குனிந்து வாங்கினாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. எத்தனை விசேஷத்தில் ஓரமாக நின்று பார்த்திருப்பாள். தம்பி மனைவி குங்குமத்தை எடுத்து அவள் நெற்றியில் வைத்தாள். வைக்கும்போது அந்த வாய்க்காரி ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டோக்காரர் எடுத்த படம் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. அதில் என் தம்பி கண்ணை மூடியிருக்கிறான். வேறு படம் இல்லை, இருந்தாலும் மாற்ற மாட்டேன்.

அப்புறம் அவள் பேசினாள். குங்குமம் அழியாத நெற்றியோடு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. சாயத் தண்ணீரைப் பற்றிய பேச்சு. அதில் உயிரோடு இருக்கிற, சாயத்தைத் தின்று செரிக்கிற ஏதோ கிருமி. அதுவும் சின்ன மகன் இரவு வீட்டுக்கு வந்து கேட்டுச் சொன்னதால்தான் எனக்குத் தெரியும். சாயப்பட்டறைக்காரன் இல்லையா, போனில் தங்கையிடம் குடைந்து குடைந்து கேட்டான். மண்டபத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையில் கோடும் புள்ளியும் வந்தன. நான் அவற்றைப் பார்க்கவில்லை. அவள் நிற்கிற விதத்தைப் பார்த்தேன். ஒரு காலில் பாரம் போட்டு நிற்பாள், அது அவளுடைய அப்பா நிற்கிற விதம். பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்டார்கள். நடுவில் இருந்து ஒருத்தர் எழுந்து காரமாக ஏதோ கேட்டார். சின்னவள் தண்ணீர் ஒரு வாய் குடித்தாள், நிதானமாகப் பதில் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்து, சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து எழுதினார். தம்பி மனைவி, "எழுதறாருங்க நங்கை, எழுதறாருங்க" என்று என் தொடையில் தட்டினாள்.

மத்தியானம் சாப்பாடு போட்டார்கள். எங்கள் வாழைப்பழத்தையும் லட்டையும் சின்னவளே தட்டில் எடுத்துக்கொண்டு மேஜை மேஜையாகக் கொடுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம், "எனக்கு வந்த சீருங்க, எடுத்துக்கங்க" என்றாள். அந்தப் பெரியவர் எங்கள் மேஜைக்கு வந்து என்னைக் கும்பிட்டார். "சேலைக்கு ஆசைப்பட்டுட்டேன், தப்பா நினைச்சுக்காதீங்கம்மா" என்றார். தம்பி பதறி எழுந்து, "உங்களுக்கு ஒரு நல்ல பனியன் செட்டு அனுப்பி வெக்கறமுங்க சாமி, கோவிச்சுக்காதீங்க" என்றான். அவன் பனியன் விற்பவன் இல்லை, மஞ்சள் வைத்திருக்கிறவன். ஆனால் திருப்பூர் பக்கத்து ஆள் வேறு என்ன சொல்வான்? சொன்னபடியே பெரியவன் அனுப்பியும் வைத்தான்.

கிளம்பும்போது சின்னவள் வேன் வரைக்கும் வந்தாள். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஒரு நிமிஷம் உசிரே போயிருச்சு."

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்" என்றாள். கையில் சேலைப் பொட்டலம் இருந்தது. அதன் மடிப்பை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "நல்ல கலரும்மா. நாளைக்கு இதைத்தான் கட்டுவேன்."

மறுநாளும் கான்ஃபரன்ஸ் இருந்தது. அதைத்தான் கட்டினாள். படம் அனுப்பினாள்.

வேன் அவிநாசி தாண்டும்போது தம்பி மனைவிக்குப் போன் வந்தது. அவளுடைய அக்கா. காதுகுத்துப் பந்தியில் இல்லாமலேயே கேள்வி கேட்ட அதே அக்கா. வேன் சத்தத்தில் அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கும் கேட்டது. "எங்கடி இருக்கறே, காலைல இருந்து போனே எடுக்கல?"

தம்பி மனைவி கழுத்தில் இருந்த அட்டையை இன்னும் கழற்றவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"அட் த கான்ஃபரன்ஸ் அக்கா."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அந்த நிமிஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிமிஷம்.

இப்போது எங்கள் சனத்தில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. போன மாதம் பல்லடத்தில் ஒரு பையன் ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரை வாசிக்கிறான் என்று அவனுடைய மாமன் தட்டு எடுத்துக்கொண்டு போனானாம். தட்டை வாசலிலேயே யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். என் அட்டை காலண்டர் ஆணியில் தொங்குகிறது. வருகிறவர்கள் என்ன என்று கேட்பார்கள், சொல்லுவேன்.

இதை எழுத ஆரம்பித்தபோது மல்லிகைச் செடியில் மொட்டுக்கூட இல்லை, இப்போது பூத்து உதிர்கிறது. எழுத்து சில இடத்தில் கோணலாக இருக்கும். பெரியவன் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்துவிட்டாள், பையை எறிகிற சத்தம் கேட்கிறது. அதுவும் அத்தை கொண்டு வந்த பைதான்.

"கண்ணு, மூஞ்சி கழுவிட்டு இங்க வா. அப்பாயி எழுதுனதை மொதல்ல இருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு."

"முழுசாவா அப்பாயி? இத்தனை பக்கமா?"

"முழுசாத்தான். சன்னலைத் தொறந்து வெச்சுட்டு உக்காரு. அட் த கான்ஃபரன்ஸ்னு வர்ற எடத்துல மட்டும் நல்லாச் சத்தமா வாசிக்கோணும். பக்கத்து ஊட்டுல எல்லாரும் இருக்கறாங்க."